நூறாவது பில்

சனிக்கிழமை, 14 செப்டம்பர் 1996

தி.நகரில் இன்று புதுத் தொழில்முனைவோர் சங்கக் கூட்டம். சங்கம் எனக்கு வழிகாட்டியாகப் போட்ட ராகவன் சார், மருந்துக்கடைக்கு பில் போட நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமைத் தன்னுடையது என்று மேடையில் ஓட்டிக் காட்டினார். "பார்த்துச் சொல்றேம்மா" என்று போன மாதம் ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு போன மனுஷன். மாதிரி பில்லில் இருந்த என் மாமியார் பெயரைக்கூட மாற்றவில்லை. திரையில் "மங்களம், மேற்கு மாம்பலம்" என்று வருகிறது, இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்தார். "நீயும் இந்த மாதிரி ஏதாவது பண்ணும்மா. எங்கிட்ட கொண்டு வா, திருத்தித் தரேன்."

"சரி சார்" என்றேன்.

திங்கட்கிழமை அவர் மச்சினன் மருந்துக்கடையில் அதைப் போடப்போகிறாராம். கடன் கொடுப்பதற்கு முன்னால் பேங்க் மேனேஜர் வேறு பார்க்க வருகிறாராம். வரட்டும். தொண்ணூற்றொன்பது பில் வரை ஒழுங்காக ஓடும். நூறாவது பில் போட்டதும் அதுவரை போட்டதெல்லாம் அழிந்துவிடும். அந்தத் தப்பை நானே போன வாரம்தான் கண்டுபிடித்தேன். என்னிடம் இருக்கும் ஃபிளாப்பியில் சரிசெய்துவிட்டேன்.

அதை அவரிடம் சொல்லத்தான் இன்று கூட்டத்துக்கே போனேன். சொல்லவில்லை. எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிவிட்டு வந்தேன்.