தள்ளுபடி வரும், பொறு என்றேன்

இன்று காலை கடையைத் திறக்கும்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று நம் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்கடன் வாங்கித் தவணை தவறியவர்களுக்கு அரசு மறுபடியும் அபராத வட்டியைத் தள்ளுபடி செய்கிறதாம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அத்தனை உற்சாகமாக ஒரு பெண் குரல். ஆட்டோ உன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போயிற்று. இன்னும் அது உன் வீடுதான், ஏலத்துக்கு நாள் குறிக்காதவரை.

நீ மாதம் தவறாமல் தவணை கட்டியவன். சங்கு குளித்துக் கரையேறியதும் நேராக வீட்டுவசதிச் சங்கத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை நகலெடுக்கப் பக்கத்திலிருக்கும் என் கடைக்கு வருவாய். மனு எழுதுகிறவன் என்பதால் அரசாங்கத்தின் மனசே எனக்குத் தெரியும் என்று நம் தெருவில் ஒரு பேச்சு. அதை நானும் நம்பியிருந்தேன்.

"ஏலே, ஒழுங்காக் கட்டுதவனுக்கு கவர்மெண்டு என்னத்தக் கொடுத்திருக்கு? கட்டாதவனுக்குத்தாம்லே தள்ளுபடி. எலக்‌ஷன் வருது, பொறு" என்றேன் ஒருநாள்.

உன் மனைவி சகாயமேரி பக்கத்தில்தான் நின்றாள். "வேண்டாம்ண்ணே, கடன நிறுத்தி வச்சா எனக்குச் சோறு இறங்காது. கட்டிருதோம்" என்றாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "படிச்சவன் சொல்லுதாம்லா" என்றாய். அந்தச் சொல் எனக்கு இனித்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஸ்ரீவைகுண்டம் பக்கம் பயிர்க்கடன் தள்ளுபடியானதை உனக்கு ஆதாரமாகக் காட்டினேன். வயலும் வீடும் ஒன்றா என்று நீ கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கட்டாமல் வைத்த பணம் முதலில் உன் மகள் கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் போயிற்று. மிச்சம் உன் வலது காதுக்கு. சவ்வு கிழிந்திருக்கிறது, இனித் தண்ணீருக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபிறகு நீ உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனாய்.

நான் சொன்னபடியே தள்ளுபடி வந்தது. அன்றைக்கு உனக்கு டீயும் மக்ரூனும் வாங்கிக் கொடுத்து, ஜெயித்தவன்போல அறிவிப்பை உரக்கப் படித்தேன். பாதியில் என் குரல் இறங்கிவிட்டது. அசலையும் சாதாரண வட்டியையும் கெடுவுக்குள் ஒரே தடவையில் கட்டினால்தான் அபராத வட்டி போகும். கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கு.

"மொத்தமாவா மக்கா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மக்ரூனைத் தொடாமல் எழுந்து போனாய்.

அடுத்த வாரம் மறுபடி சங்குக்குக் கிளம்பினாய். கச்சான் காற்று தொடங்கிக் கடல் கலங்கிக் கிடந்தது. அடி தெரியாத தண்ணீரில் யாரும் இறங்கமாட்டார்கள் என்று எனக்கே நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். "இந்தக் காத வச்சுக்கிட்டு எப்படில இறங்குவ?" என்றேன். "வீடு போன பொறவு காது எதுக்கு மக்கா? நாலு நடை போயிட்டு வந்தா பாதி தேறிரும்" என்றாய். உன்னைப் பிடித்து நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் அந்தப் பணத்துக்கு நான் அல்லவா வழி சொல்லவேண்டும்?

மூன்றாவது நடையில் வள்ளத்திலிருந்தவர்கள் கயிற்றை அசைத்தார்கள். கீழேயிருந்து பதில் அசைவு வரவில்லை. உன்னைக் கரைக்குக் கொண்டுவந்தபோது வலது காதிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. கெடு நாள் உன் அடக்கத்துக்கு மறுநாள். அதை யாரும் நினைக்கவில்லை. அபராத வட்டி மட்டும் இன்றுவரை உன் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்று மத்தியானம் சகாயமேரி வந்தாள். இறால் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, புதுப் படிவத்தோடு என் எதிரில் உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் மொத்தமாகத்தான் கட்டவேண்டும். மாதக் கடைசி கெடு. அவளிடம் பாதிகூட இல்லை. உன் பெயர், வாரிசு, கதவு எண் எல்லாம் எழுதினேன். 'தவணை தவறியதற்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

'தொழில் நலிவு' என்று எழுதினேன். அவள் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்த இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது என் பெயரை. அவளுக்கு அது தெரியும்.