குழாய் என் கைக்கு எட்ட வேண்டும்

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

செஞ்சி

அன்புள்ள மகன் யுவராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ராட்டர்டாமில் நீயும் மருமகள் ஜினிஷாவும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. நலம் விசாரித்தாகிவிட்டது, இனி என் கோபத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன், முழுவதும் படி.

போன தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். எழுதலாம், மாவு பிசையலாம், மேலே இருப்பதை எடுக்க முடியாது. தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் எதிர்வீட்டு ஜெயசுதாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், எவ்வளவு கூச்சம் தெரியுமா. அதனால்தான் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று நீ சொன்னபோது அத்தனை சந்தோஷப்பட்டேன், என் மகன் எனக்காகச் செய்கிறான் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வேலை தொடங்கின அன்று பிளம்பர் தாண்டவராயன் போனில் உன் வரைபடத்தைக் காட்டினபோதுதான் தெரிந்தது, தலைக்கு மேலே மழையாகக் கொட்டுகிற ஷவராம், அதைத் திருப்புகிற பிடி வலது பக்கச் சுவரில் ஆள் உயரத்திலாம், கீழே ஒரு குழாய்கூடக் கிடையாதாம், இருந்தால் பார்க்க அசிங்கமாம். யாருடைய குளியலறை இது யுவராஜ்? நான் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள். சிற்றுயிர் எதுவும் சாகக் கூடாதென்று குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டின தண்ணீரில்தான் இந்த வீட்டில் குடிப்பதும் குளிப்பதும், நீயும் அப்படி வளர்ந்தவன்தானே, கூரைக்குக் கீழே தொங்குகிற ஷவருக்கு நான் எப்படித் துணி கட்டுவது? நம் தொட்டி மாடித் தரையோடு உட்கார்ந்திருக்கிறது, ஷவருக்கு வேகம் வராது என்று பம்பு வேறு சேர்த்திருக்கிறாய். இங்கே கரண்ட் போகிற அழகு உனக்கு மறந்துவிட்டதா? தலையில் சீயக்காயோடு கரண்டுக்காக நான் காத்திருக்க வேண்டுமா? போதாததற்கு போர் தண்ணீரின் உப்பு படிந்து கொஞ்ச நாளில் ஷவர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாண்டவராயனிடம் சொன்னேன். "தம்பி அனுப்பினதுதாம்மா பிளானு, இப்பல்லாம் எல்லா ஊட்லயும் இப்டித்தான் வெக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே பைப் போவதற்காக வலது சுவரை வெட்டத் தொடங்கிவிட்டார். உன் நைனாவிடம் போனேன். கடலை மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டு, "அவன் படிச்சவன், பாத்துத்தான் செஞ்சிருப்பான், நீ டென்ஷன் ஆவாத" என்றார். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அந்த இடிபாட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "குளிக்கப் போறவ நான், கொழா எங்க வரணும்னு என்னக் கேட்டுட்டு அப்புறம் வெட்டு" என்றேன். தாண்டவராயன் உனக்குப் போன் போட்டார். நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "அம்மாவ கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க, அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீங்க வேலையப் பாருங்க." எனக்கா புரியாது? தினமும் அங்கே குளிக்கிறவள் நான், அங்கே விழுந்தவளும் நான். வெளியாள் முன்னால் பெற்றவளைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? அந்த வார்த்தை இன்னும் காதில் குத்திக்கொண்டிருக்கிறது.

நான் எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டு உன் நைனா வந்தார். நான் ஸ்டூலை அவரிடம் தள்ளி, "இதுல ஒக்காருங்க, வலது கைய மடியில வெச்சிக்கினு, அந்தப் பிடி வரப்போற எடத்தத் தொடுங்க பாக்கலாம்" என்றேன். என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையைக் குறுக்கே நீட்டினார், உடம்பைத் திருப்பினார், இன்னும் எட்டப் பார்த்ததில் ஸ்டூல் சரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். எழுந்து ஸ்டூலை நேராக வைத்தார். பிறகு, "இந்தப் பக்கம் போடுப்பா, அவ கைக்கு எட்ற மாதிரி" என்று இடது பக்கச் சுவரைக் காட்டினார். தாண்டவராயன் உடனே சரிங்கய்யா என்றார். பார், காலையிலிருந்து நான் தொண்டை கிழியச் சொன்னது ஏறவில்லை, அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஏறிவிட்டது. என் கோபம் அதற்கும் சேர்த்துத்தான்.

பிறகு நான் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன், விரல் பட்ட இடத்தில் தாண்டவராயன் சாக்பீஸால் கோடு போட்டார். பக்கெட் உயரத்தில் பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, துணி கட்டத் தோதாக வாய் நீண்ட குழாய்கள். குளியலறைக்கென்று தனியாக ஒரு வால்வு, இனி அங்கே ஒழுகினால் வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. பூசுவதற்கு முன் பைப்பில் தண்ணீரை அடைத்து ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொன்னேன், வெந்நீர் பைப்பில் ஓர் இணைப்பு கசிந்தது, அதைச் சரிசெய்த பிறகுதான் பூச விட்டேன். ஒன்றும் புரியாதவள் சொல்லித்தான் அது நடந்தது. நேற்று உட்கார்ந்தபடியே குழாயைத் திறந்து, யாரையும் கூப்பிடாமல் தலைக்குக் குளித்தேன். ஜெயசுதா வந்து, கூப்பிடுவேனோ என்று கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மற்றபடி வல்லத்து நிலத்தில் கடலை பிடுங்கியாகிவிட்டது. கோட்டைக் குரங்குகள் தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிடுகின்றன, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். அங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது என்றாயே, வேலை முடிந்து வந்து எப்போது சாப்பிடுகிறாய், பொழுது சாய்ந்த பிறகு நாம் சாப்பிடுவதில்லையே, மதியமே வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள். உன் ஷவர் பைப்பைப் பிளானிலிருந்து எடுத்துடட்டுமா என்று தாண்டவராயன் கேட்டார், இருக்கட்டும் என்றேன். முனையை அடைத்து அப்படியே விட்டிருக்கிறது. நீ நின்று குளிக்கிறவன், ஊருக்கு வரும்போது உன் ஷவரை மாட்டிக்கொள். பம்பு மட்டும் கிடையாது, வருகிற தண்ணீரில் குளி.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கெட்ட பெயர் எடுக்காமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் போன் செய். நைனா போனுக்கு வேண்டாம், என் போனுக்கு. முதலில் நான் பேசுவேன், நீ கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
ச. ராஜமதி