கம்பியில் வந்த சுங்கம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கிறோம். நலமா என்று மட்டும் கேட்காதே.

எங்கள் நாட்டுக்கு மெஷின் விற்கக் கூடாதென்று உங்கள் நாடு சட்டம் போட்டதிலிருந்து உதிரி பாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. எங்கள் டயாலிசிஸ் அறையில் ஒரு மெஷின் செத்தேவிட்டது. மிச்சம் இரண்டும் பாதியில் கூவி நின்றுவிடுகின்றன. நர்ஸாக நின்று உன் மாமாவுக்கு நானே ஊசி குத்திவிட்டு, மெஷினைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். "என்னையும் இப்படித்தான் தட்டித் தட்டி ஓட்டறா" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த மெஷினைச் செய்கிற கம்பெனியிலேயே வேலை பார்க்கிறாய். ஒரே ஒரு சர்க்யூட் போர்டு அனுப்பக் கூடாதாடா?

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

போர்டை எடுத்தால் வாசலில் பிடிப்பார்கள், தபாலில் போட்டால் சுங்கத்தில் பிடிப்பார்கள். வேலையும் போகும், நானும் உள்ளே போவேன். கோபப்படாதே. ஃபோனில் இதைப் பேசிவிடாதே, கம்பெனி கேட்கும்.

ஒரு வழி இருக்கிறது. பாதியில் நிற்கிற கோளாறுக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறது. மெஷினை ஒரு தடவை இன்டர்நெட்டில் மாட்டு, அதுவே இறக்கிக்கொள்ளும். கம்பியில் வருவதற்கு ஏது சுங்கம்? மச்சினன் கைவிட மாட்டான் என்று மாமாவிடம் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பார்த்தியா, கெட்டிக்காரன்!" என்றார். வாங்கிய நாளிலிருந்து இந்த மெஷின்களை நாங்கள் இன்டர்நெட்டில் மாட்டியதே இல்லை. மாட்டினேன். உன்மேல் இருந்த நம்பிக்கையில் இரண்டையும் சேர்த்தே மாட்டினேன். இறங்கி முடிந்ததும் இரண்டு திரையிலும் ஒரே வரி: 'இந்த நாட்டில் இயங்க அனுமதி இல்லை.' அணைத்துப் போட்டேன், தட்டினேன், கதறினேன். அசையவில்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அவர்கள் நோயாளிகளுக்கே மெஷின் போதவில்லை. எங்கள் முறை வருவதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார். "அவனைத் திட்டாதே, பாவம், அவனுக்கு என்ன தெரியும்" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

திட்டவில்லை. நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், நான் நல்லதுக்குத்தான் மாட்டினேன். பேசாமல் தட்டித் தட்டியே ஓட்டியிருக்கலாம். மாமாவின் பக்கத்துக் கட்டில்காரர் என்னை வழியில் பார்த்தார். பக்கத்து ஊரில் முறை கிடைத்தவர், விலகி நடந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சாவுச் சேதி கேட்டதும் நீ டிக்கெட் போட்டுவிட்டதாக உன் மனைவி ஃபோனில் சொன்னாள். வராதே. உன்னை நினைத்தாலே அந்தத் திரைதான் கண்முன் வருகிறது. எழுதவும் வேண்டாம்.

அக்கா