முறுக்கினாலும் பருக்கும் செம்பு

அன்பு மாலதிக்கு,

துவாரகா வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் நம் பெண் வர்ஷாவும்தான். போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உன் ஆய்வகத்திலிருந்து கோமதி போன் செய்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ விட்டுப்போன வழக்குதான். செம்புப் படிகக் கம்பியை இழுத்தால் அதன் கனஅளவு துளி கூடும், அழுத்தினால் குறையும், விட்டதும் பழையபடி ஆகிவிடும். இதில் யாருக்கும் சண்டையில்லை. முறுக்கினால் வடிவம்தான் மாறும், கனஅளவு மாறாது என்பது கல்லூரிப் பாடம். நீயோ, மிகமிகக் கொஞ்சம் பருக்கிறது என்றாய். கம்பி சூடாகியிருக்கும் என்றாள், கூட வேலை பார்த்த கோமதி. மறுபடி அளப்பதற்குள் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். அங்கேயும் அதே பேச்சு.

"சார், வந்து பார்க்கறீங்களா?" என்று கேட்டாள் கோமதி. வர்ஷாவும் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

அறையின் வெப்பம் மாறாமல் வைத்துக்கொண்டு, கோமதி கம்பியை வலப்பக்கம் முறுக்கினாள். நீளத்தையும் தடிமனையும் லேசர் அளந்தது. திரையில் கனஅளவைக் காட்டும் கோடு ஏறியது. தளர்த்தியதும் இறங்கியது. இடப்பக்கம் முறுக்கினாள். அப்போதும் ஏறத்தான் செய்தது.

"சூடா இருந்தா விட்டவுடனே இப்படி இறங்காது சார். மேடம் சொன்னதுதான் சரி. நான்தான் ஒத்துக்கல."

"அச்சா, ஆனா ஏன் ஆன்ட்டி பருக்குது?" என்றாள் வர்ஷா.

"அணுவெல்லாம் வரிசையா நிக்குது இல்லையா? அதுங்களை நெருக்கறது கஷ்டம், விலக்கறது சுலபம். முறுக்கும்போது சிலது நெருங்கும், சிலது விலகும். மொத்தத்துல விலகல்தான் ஜாஸ்தி."

வர்ஷா திரையை விட்டு நகரவில்லை. "அப்பா, இது அம்மா பார்த்ததா?" என்றாள். தலையாட்டினேன்.

இதைப் பற்றிக் கோமதி எழுதும் ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். காலமானவர் என்று காட்ட பெயர் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுவார்களாம். கோமதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். போடட்டும் என்றேன். அதைப் பார்த்தால் நீ சிரிப்பாயா, கோபப்படுவாயா?

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பற்றி வெகுநேரம் பேசினோம், அழாமல். மனசு நிறைந்திருக்கிறது, மாலதி.

கட்டுரை வந்ததும் வரிவரியாகப் படிப்பேன். புரியாததைக் கோமதியிடம் கேட்பேன். அப்புறம் உன் பெண்ணுக்கு முழுவதையும் தமிழிலேயே சொல்வேன். இது சத்தியம்.

வர்ஷாவின் அப்பா,
உன் ராகவன்