விசாகப்பட்டினம் – மதுரை: ஒன்றே முக்கால் மணி நேரம்

என் ஆசை அப்பாவுக்கு,

அன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தபோது மூன்று நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. மொழி தெரியாத ஊரில் மகளை எப்படி விடுவது என்ற பயம். நான் செல்போனில் தேடிக் காட்டினேன். அந்த விமான நிலையத்துக்கும் மதுரைக்கும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தீர்கள்.

“ஒட்டன்சத்திரம் சந்தையில தக்காளியப் போட்டுட்டு வார நேரங்கூட இல்லையே! போயிட்டு வாத்தா.”

அது வானத்தில் நேர்கோடு போட்டு அளந்த கணக்கு, அப்பா. அந்தக் கோட்டில் விமானம் எதுவும் இல்லை. சென்னையில் இறங்கி, காத்துக்கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும். மதுரையில் இறங்கினால் திண்டுக்கல்லுக்குக் காரில் வர வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

உங்களைச் சேர்த்திருந்த திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அன்று காலையில் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். வலிக்கு ஊசி போட வந்த நர்ஸைத் தடுத்திருக்கிறீர்கள். “வேணாம்மா, தூங்கிருவேன். எம்மக ரெண்டு மணி நேரத்துல வந்துரும். செத்த நேரம் பொறுத்துக்கிறேன்.”

ஒன்பது மணி நேரம் பொறுத்துக்கொண்டீர்கள்.

நான் உள்ளே வந்தபோது உங்கள் கீழுதடு கடிபட்டு வீங்கியிருந்தது.

“பிளேன் லேட்டாத்தா?”

“ஆமாப்பா, லேட்டு.”

“அதுக்கு நீ என்ன செய்வ?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நர்ஸிடம், “இப்பப் போடுங்கம்மா” என்றீர்கள். தூங்கிப் போனீர்கள். அப்புறம் கண் திறக்கவில்லை.

விமானம் லேட்டாகவில்லை, அப்பா. இரண்டுமே சொன்ன நேரத்துக்குத்தான் வந்தன.

உண்மை தெரிந்திருந்தால் என்னை அனுப்பியிருப்பீர்களா? போகட்டும், அதற்குப் பதில் வேண்டாம். அந்த ஊசியையாவது போட்டுக்கொண்டிருப்பீர்களா?

போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். “எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி. நான் ஊசியப் போடச் சொல்லியிருப்பேன்ல,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே பேசினாள். என்னோடு வந்து கொஞ்ச நாள் இருக்கப் போகிறாளாம்.

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“இங்க அகரத்துல நம்ம வீட்ட விட்டு இறங்குனா பத்து மணி நேரம்மா. சென்னையில ரொம்ப நேரம் உக்காரணும்.”

“அம்புட்டா?” என்று யோசித்தாள். “சரி, புளிச்சோறு கட்டிக்கிறேன்.”

இனி அவளிடம் தூரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அப்பா. அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு, போனில் குரல் கொஞ்சம் கம்மினாலே போதும், வா என்று கூப்பிடும்வரை காத்திருக்காமல் கிளம்பி வந்துவிடுவேன். இது சத்தியம்.

உங்களைக் காக்க வைத்த மகள்,
செல்வி