டியோலிண்டாவின் ரொட்டியும் பள்ளிக்கூடத்து டெண்டரும்

அன்பு மகன் பெல்மீருவுக்கு அம்மா ஹெர்மீனியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருமுன் சேதி சொல்கிறது, அதை நான் சுகக்கேட்டில் சேர்ப்பதில்லை. அங்கே லக்சம்பர்க் குளிரில் நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. உன் அக்கா மகன் பல்தசார் எவோராவில் கால்நடைப் படிப்பின் கடைசிப் பரீட்சையும் தேறிவிட்டான், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், என் பேரன் டாக்டர், மாட்டுக்கு என்றாலும் டாக்டர் டாக்டர்தான். அவன் தங்கை கிராசா சதுரங்கத்தில் மாவட்டத்துப் பையன்களையெல்லாம் அழ வைத்துவிட்டு வந்தாள், கோப்பை கடைக் கண்ணாடிக்குள் இருக்கிறது, ரொட்டி வாங்க வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். உன் நொயேமியா நாலு பாஷை பேசுகிறாள் என்று நீ சொன்னதை ஊரில் ஐந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவளைச் சீக்கிரம் இன்னொன்றையும் படிக்கச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா டியோலிண்டாவுக்கு அங்கே ஆபீஸ் துடைக்கிற வேலை பார்த்து வைத்துவிட்டு மேற்பார்வைக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டுமென்று அவசரப்படுகிறாய், பாசத்தில் செய்தாய், தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு ரொட்டி போடும் டெண்டர் போன தடவை லிஸ்பன் பக்கத்துக் கம்பெனிக்குப் போனதிலிருந்து நம் இரண்டாவது அடுப்பு எரியவில்லை, இந்தத் தடவையும் போனால் கடையை மூடிவிட்டுத் தம்பியிடம் போகிறேன் என்று அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால் என்ன நடந்தது என்று முழுக்கக் கேள், போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நகராட்சித் தலைவர் தேர்தலில் சொன்னபடி உள்ளூர்க் கடைகளுக்கு முன்னுரிமை கொடுக்கத் துணிந்தார். இந்த ஊர்க்காரருக்கே என்று நேராக எழுதினால் ஐரோப்பியச் சட்டம் விடாதாம், அதனால் சுட்ட அன்று காலையிலேயே ரொட்டி பிள்ளைகள் மேசைக்கு வரவேண்டும், உறைய வைத்து எடுத்தது கூடாது, ருசிக்குத் தனி மார்க் என்று போட்டார்கள். கசாப்புக் கடைக்காரர்கூட, "இனி என்னக்கா, சாவி நம்ம கையில" என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக்காரன் அவ்வளவு ஏமாந்தவனா, பக்கத்து ஊரில் மூடிக் கிடந்த பேக்கரியை வாடகைக்கு எடுத்து அவனும் சுடச்சுடக் கொண்டுவந்துவிட்டான்.

ருசி பார்க்கிற அன்று யாருடைய ரொட்டி என்று தெரியக்கூடாது, தட்டில் எண் மட்டும்தான், ரொட்டியில் அடையாளம் எதுவும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். டியோலிண்டா கவனமாகக் கடைப்பேர் போட்ட காகிதத்தை ஒட்டாமல் விட்டாள், ஆனால் அடுப்பில் வைக்குமுன் மாவின் மேல் கத்தியால் சிலுவை கீறிவிட்டாளே. அது அடையாளம் என்று அவளுக்கு எப்படித் தோன்றும், மாவைக் கண்டால் கை தானாகப் போகிறது, நான் அப்படித்தான் பழக்கினேன். மூடியைத் திறந்ததும் கம்பெனி ஆள் ஃபொன்செக்கா என்பவர் எழுந்து, "இது யார் ரொட்டின்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியுது மேடம்" என்றாராம். அதிகாரி லுசிண்டா அம்மாவுக்கு வேறு வழியில்லை, தட்டைப் போட்டியில் சேர்க்காமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். உன் அக்கா வீட்டுக்கு வந்து, "தம்பிகிட்ட சொல்லிடும்மா, நான் வரேன்னு" என்று ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நான் அதை எடுத்து அவள் மடியிலேயே போட்டேன்.

எதிர்வீட்டுக் கஸ்டோடியாவுக்குச் சேதி போனதும் கையில் ஒட்டின மாவோடு ஓடிவந்துவிட்டாள். "ஏன்டி, உன் ரொட்டியில மட்டுந்தான் சிலுவை இருக்கா, நான் என்ன சூனியக்காரியா, சிலுவை போடாம சுட?" என்று அவள் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. ஆட்சேபணை சொல்ல அவகாசம் இருந்தது, மறுநாளே எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். மேசை நிறைய ரொட்டி, நடுவில் உன் அக்காவுடையதும் ஒன்று, ஒவ்வொன்றின் தலையிலும் சிலுவை. ஃபொன்செக்காவும் வந்திருந்தார், லுசிண்டா அம்மா அவரிடம், "இதுல டியோலிண்டா ரொட்டி எதுன்னு எடுத்துக் காட்டுங்க" என்றார். மனுஷன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து கஸ்டோடியாவின் ரொட்டியைத் தொட்டார். "மகராசனா இரு தம்பி, கட்டின புருஷன்கூட என் ரொட்டியை இப்படிப் பாராட்டினதில்ல" என்றாள் அவள். அவரும் சிரித்துவிட்டார், "எங்கம்மாவும் இப்படித்தான் கீறுவாங்க, எனக்கு மறந்தே போச்சு" என்றார். ஆனாலும் ஆள் கெட்டி, என் ஆட்சேபணையை விட்டுவிடுகிறேன், திரும்ப ருசி பாருங்கள், இந்தத் தடவை எல்லா ரொட்டியும் மொட்டையாக வரட்டும் என்றார். நியாயம்தானே, ஒத்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான் எனக்குத் தலைவலி. உன் அக்கா பிடிவாதம் உனக்குத் தெரியும், அடுப்பு காய்ந்து மாவு பொங்கி நிற்கிறது, இவள் கையைக் கட்டிக்கொண்டு, "சிலுவை இல்லாத ரொட்டியை உள்ள தள்ள மாட்டேம்மா, அது எழும்பாது, டெண்டர் போனாப் போகட்டும்" என்கிறாள். நான் திட்டினேன், கெஞ்சினேன், கடைசியில், "ரொட்டிக்குப் போடாதே, அடுப்பு வாசலுக்குப் போடு, நெருப்பும் ஆண்டவர் கொடுத்ததுதானே" என்றேன். முறைத்துக்கொண்டே ரொட்டி தள்ளுகிற நீளத் துடுப்பை எடுத்து அடுப்பு வாசலில் காற்றிலே பெரிதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். எழும்பியது மகனே, நன்றாகவே எழும்பியது.

மறுபடி ருசி பார்த்ததில் நம் ரொட்டிதான் முதல், பள்ளிக்கூடங்கள் அத்தனையும் நமக்கு. முதியோர் இல்லத்து ரொட்டியும் இதே டெண்டரில்தான் இருந்தது, அது மட்டும் கம்பெனிக்குப் போய்விட்டது, அதில் ருசியைவிட விலைக்கு மார்க் அதிகம். எனக்கு அது ஆறவில்லை, நாளைக்கு அங்கே போய் உட்காரப்போவது நான்தானே, அந்த ரொட்டியை நான் தின்ன மாட்டேன் என்று லுசிண்டா அம்மாவிடமே சொல்லிவிட்டேன். அடுத்த டெண்டரில் அதையும் வாங்காமல் விடமாட்டோம்.

ஆகையால் அக்கா வரவில்லை என்று மேற்பார்வைக்காரியிடம் இன்றே சொல்லிவிடு, அந்த வேலைக்கு வேறு யாராவது காத்திருப்பார்கள். இரண்டாவது அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது, ஆள் போதாமல் கஸ்டோடியாவின் மருமகளையும் சேர்த்திருக்கிறோம், கனமான மாவை அவள் தூக்குகிற அழகைப் பார்த்தால் உன் அக்காவே குறை சொல்வதில்லை. உனக்காக ஒதுக்கின அறையில் இப்போது மாவு மூட்டை, நீ கோடையில் வரும்போது காலி செய்து தருகிறேன், வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மருமகளின் இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன், நீ தின்று தீர்த்துவிடாதே. இங்கே மாட்டியிருக்கிற படத்தில் நொயேமியாவுக்கு முன்பல்லே இல்லை, இந்நேரம் முளைத்து வரிசை கட்டியிருக்கும். போனில் அனுப்பாதே, விரல் பட்டால் எங்கேயோ ஓடிப்போகிறது, காகிதத்தில் எடுத்துத் தபாலில் புதுப் படம் ஒன்று போடு, பல் தெரியச் சிரிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஹெர்மீனியா