நாலாவது பாட்டைக் கேட்டவள் சொன்னது

ரேஷன் கார்டைத் தேடித் தகரப்பெட்டியைக் கவிழ்த்தபோது அந்த நாற்பது பக்க நோட்டு விழுந்தது. அட்டை முழுக்கத் தைல வாசம். நெஞ்சில் தேய்த்த கையோடு நீ புரட்டிப் புரட்டிப் படித்த நோட்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. இன்றைக்கு உலை வைக்கவில்லை.

உள்ளே இருப்பது என் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் எழுத்து அச்சுப் போல இருக்கும். அந்த எழுத்தில் உனக்கு நான் எழுதிக் கொடுத்தது அத்தனையும் பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த நீ, கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய டேப் ரெக்கார்டரில் நீயே பாடி, நீயே தாளம் கொட்டி, கேசட்டில் ஒரு பக்கத்தை நிரப்பினாய். ஐந்து பாட்டு. உன் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை; அந்தச் சுரம் வரும்போதெல்லாம் மண்ணெண்ணெய் டின்னில் ஓர் அடி. ஒரு பாட்டு முழுக்க வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளின் பெயர் மட்டும். நாலாவது, நீ கடலில் முங்கிச் சங்கு குளித்த காலத்துப் பாட்டு. பாதியில் மூச்சை இழுத்துப் பிடிப்பாய். அதன்பிறகு ஒன்றும் கேட்காது. முங்கியவன் அடியில் கிடக்கிற நேரம் முழுக்கப் டேப் பெட்டி சும்மா ஓடும். அப்புறம்தான் மேலே வந்து மூச்சு வாங்குகிற சத்தம்.

மறுபக்கம் பாடுவதற்குள் நெஞ்சுநோய் உன்னை என் வீட்டுக் கட்டிலில் போட்டுவிட்டது. "எக்கா, நீ கொண்டுபோய் நாலு பேருக்குப் போட்டுக் காட்டு. அவுக சொல்லுதத அப்படியே எழுதிட்டு வா. அதப் பாத்துட்டுத்தான் மறுபக்கம் பாடுவேன்" என்றாய்.

டீக்கடை அண்ணாச்சி நாலாவது பாட்டின் நடுவே பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். "மெசினு நின்னு போச்சும்மா. வேற பாட்டு இருந்தா போடு, ஆளுக எந்திரிச்சுப் போறாவ." நான் எழுதியது, 'மிகவும் இனிமை.' மாதா கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், "அந்த ஊமைக் கட்டைக்கு மொதல்ல வைத்தியம் பாக்கச் சொல்லு" என்று சிரித்தார். 'நல்ல ஞானம்' என்று எழுதினேன். தையல்காரன், "இது பாட்டாக்கா? சரக்கு எறக்குத சத்தம்லா. இதுக்கு நான் ஹார்பர்லயே போய் உக்காந்துக்கிடுவேனே" என்றான். அவனுக்கு 'புதுமை.' ஊர் உன்னைப் பார்த்துச் சிரிப்பதா? பேரன் பேத்தி எடுத்தும் தெருவில் தலை குனியாமல் நடந்தவள் நான்.

அடுத்த தெருவில் சங்கு குளிக்கிறவன் பெண்சாதி மட்டும் வேறு மாதிரி. மீன் அறுத்துக்கொண்டே கேட்டாள். பாட்டு நின்றதும் அவள் கையும் நின்றது.

"இன்னும் மேல வரலையே" என்றாள்.

"யாருளா?"

"உள்ள போனவன்."

மூச்சு வாங்கும் சத்தம் வந்த பிறகுதான் அசைந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள். "எக்கா, இத இனிமே எங்க வாசல்ல போடாத. அவன் மேல வாரதுக்குள்ள எனக்கு உசிரு போயிட்டு வந்துட்டு."

எனக்கு அவமானமாகப் போயிற்று. 'மறுபடியும் போடச் சொன்னாள்' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

நீ நோட்டைப் படித்துவிட்டு மூடி வைத்தாய். "ஊரு பூரா உன் வாயாலயே பேசுதே எக்கா" என்றாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "நாலாவது பாட்டக் கேட்டு யாராச்சும் பயந்தாவளா? நெசத்தச் சொல்லு. ஒருத்தருக்காச்சும் நெஞ்சு அடைச்சிருந்தாப் போதும், எப்படியும் எந்திரிச்சு மறுபக்கம் பாடிருவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதைச் சொன்னால் மற்றவர்கள் சொன்னதாக எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். என் பவிசு போய்விடும். "பயப்பட என்ன இருக்கு? எல்லாரும் ரசிச்சுல்லா கேட்டாவ" என்றேன்.

நீ கையை விட்டாய். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

மறுபக்கம் இன்னும் காலிதான். போட்டுக் கேட்டுப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான்.

இப்போதெல்லாம் மருமகள் குழம்பு எப்படி என்று கேட்டால்கூட 'நல்லாயிருக்கு' என்று சொல்ல நாக்கு புரள மறுக்கிறது. அந்தச் சங்குக்காரன் பெண்சாதி பேசியதை மட்டும் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உன் தலைமாட்டில் குனிந்து, அவள் கத்தினது மாதிரியே கத்திச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கு எழுதியும் வைக்கிறேன். இனி எங்கே கொண்டுபோய்க் கொடுக்க?

பயந்தாள் தம்பி. ஒருத்தி பயந்தாள்.